ரமலான் பூட்டு

ஷகீப் என்னைத் தேடி வந்தபோது நான் காலைச் சாப்பாட்டில் இருந்தேன். இரவு வேலை பார்ப்பவனுக்கு அதுதான் ராத்திரிச் சாப்பாடு. மெக்னேஸ் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள காபிக் கடை. பாதிப் பாலும் பாதிக் காபியுமாக ஒரு கண்ணாடி டம்ளர், தேன் தடவிய ரொட்டி. பிரெஞ்சுக்காரர்களின் வீட்டு இணையம் ஏன் வேலை செய்யவில்லை என்று விடிய விடியத் தொலைபேசியில் சமாதானம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அந்தக் கம்பெனியில் என் பெயர் மார்க். மிலூத் என்று சொன்னால் வாடிக்கையாளர் போனை வைத்துவிடுவாராம். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்.

ஷகீப் கேட்காமலே எதிரில் உட்கார்ந்தான். ஆறு வருடத்தில் தொப்பை போட்டிருந்தான்.

"இன்னும் இதே நாற்காலிதானா?" என்றான்.

"நாற்காலி என்னுது இல்ல. எடுத்துட்டுப் போறதுன்னா போ."

சிரித்தான். அவனுக்கு எப்போதும் சிரிப்பு வரும். அதை வைத்துத்தான் விற்றான்.

நாங்கள் ஒரே பொறியியல் கல்லூரி. அவன் படித்து முடித்தான், நான் மூன்றாம் ஆண்டில் விட்டுவிட்டேன். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை, பிடிக்கவில்லை. ஆனால் 'தரீக்' என்ற நிரலை எழுதியவன் நான். பேருந்துக் கம்பெனிகளுக்கானது. சீட்டு அடிக்கும், இருக்கை ஒதுக்கும், எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று நிலையத்துப் பலகையில் காட்டும். நான் எழுதினேன், அவன் விற்றான். கம்பெனியை அவன் பெயரில் பதிவு செய்தபோது, "சும்மா பேப்பர்தான்டா" என்றான். நம்பினேன்.

நிரலைப் பற்றிச் சொல்லும் சின்ன ஜன்னல் ஒன்று உண்டு. எழுதியவர்களின் பெயர் அதில் இருக்கும். எங்கள் இருவர் பெயரும் இருந்தது. ஒருநாள் அக்காவைப் பார்க்கக் கெனிஃப்ராவுக்குப் போனேன். அங்கே கவுண்டர்க்காரரிடம் பெருமையடிக்கலாம் என்று அந்த ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். ஒரு பெயர்தான் இருந்தது. என்னுடையது இல்லை. "உன் பேரு எங்கப்பா?" என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு, பாவம், அவரே பேச்சை மாற்றினார். அதற்கடுத்த மாதம் எனக்குக் கம்பெனியில் மேசையும் இல்லை.

இப்போது ஷகீபுக்குப் பிரச்சினை. பேருந்து நிலையங்களில் இருப்பதெல்லாம் பழைய கணினிகள். புதிய விண்டோஸ் அவற்றில் ஏறாது. ஏற்றியிருப்பதெல்லாம் சந்தையில் வாங்கிய திருட்டு வட்டு. வைரஸ் வந்து ஒரு வெள்ளிக்கிழமை ஃபெஸ் பக்கம் போகிற வண்டி எதற்குமே சீட்டு அடிக்க முடியவில்லை. வண்டி முதலாளிகள் கூடிப் பேசி, எல்லாக் கணினிக்கும் லினக்ஸ் போடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். தரீக் விண்டோஸில் மட்டும்தான் ஓடும்.

"ரெண்டு பசங்களை வச்சுப் பாத்தேன்" என்றான் ஷகீப். "ஜன்னல் தொறக்குது, சீட்டு அடிக்கல. அரபி எழுத்து துண்டு துண்டா, பின்னாலேர்ந்து முன்னால வருது. லினக்ஸ்ல ஓடணும், மிச்சமிருக்கிற விண்டோஸ்லயும் ஓடணும், எங்கிட்ட இருக்கிற ஆப்பிள்லயும் ஓடணும். நீ எழுதினதுதானே, நீயே மாத்திக் கொடேன்."

"யார் எழுதினது?"

"சரிடா, நீ எழுதினதுதான். இங்க யாரு இல்லைன்னா?"

"அந்த ஜன்னல்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதில் பிடிக்காவிட்டால் அதைத்தான் பார்ப்பான்.

"பழசெல்லாம் விடுடா" என்றான். "கூலி தரேன். எவ்வளவுன்னு நீயே சொல்லு."

சொன்னேன். ஒத்துக்கொண்டான். என் பெயரைத் திரும்பப் போடு என்று நான் கேட்கவில்லை. கேட்பேன் என்று எதிர்பார்த்திருப்பான் போல. கேட்காததில் அவனுக்கு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்தபோதே எனக்கு முடிவாகிவிட்டது.

மறுநாள் அவனுடைய அலுவலகத்துக்குப் போனேன். ஒரே நிரலை மூன்று இடத்திலும் ஓடவைக்கும் கட்டமைப்புகள் நிறைய இருக்கின்றன. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டு விதமாகக் கிடைப்பது அது: ஒன்று காசு கட்டி வாங்குவது, இன்னொன்று திறமூலம். அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன்.

நான் பொய் சொல்லவில்லை. பழி தீர்ப்பதென்றால் சுத்தமாகத் தீர்க்க வேண்டும். ஏமாற்றிவிட்டான் என்று அவன் பின்னால் சொல்லிக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது.

"ரெண்டு வழி இருக்கு" என்றேன். "காசு கட்டினா நிரலைப் பூட்டி வித்துக்கலாம். ஓசியில எடுத்தா உன் நிரலும் திறந்துதான் இருக்கணும். வாங்கினவன் மூலநிரலை, நாம எழுதின வரிகளை அப்படியே கேட்டா, கொடுக்கணும். அவன் அதை மாத்திக்கலாம், அடுத்தவனுக்கும் கொடுக்கலாம். நீ தடுக்க முடியாது."

"யாரு கேப்பா? வண்டி முதலாளிங்களா? ஹாஜ் பூஅஸ்ஸாவுக்கு மவுஸைப் பிடிக்கவே தெரியாது."

"கேக்கலாம்னு சொல்றேன்."

"மிலூத், பொறந்ததுலேர்ந்து 'ஏற்கிறேன்'கிற பொத்தானைத் தவிர வேற எதையும் நான் அழுத்தினதில்ல. நீ அழுத்தியிருக்கியா?"

இல்லைதான். எங்கள் ஊரில் யாரும் அழுத்தியதில்லை. திருட்டு வட்டிலேயே வளர்ந்தவர்களுக்கு இலவசமும் திருட்டும் ஒரே வாசனைதான். நிபந்தனை என்பது மற்ற நாட்டுக்காரர்களுக்கு. ஷகீபும் அப்படித்தான் நினைத்தான். பக்கத்து மேசைகளில் இருந்த பையன்கள் இருவரும் சிரித்தார்கள்.

"அப்ப நீயே அழுத்து" என்று மவுஸை அவன் பக்கம் தள்ளினேன்.

அழுத்தினான்.

குளிர்காலம் முழுக்க வேலை செய்தேன். தரீக் நான் சின்னப் பையனாக இருந்தபோது எழுதியது. விண்டோஸைத் தவிர உலகத்தில் வேறொன்று இல்லை என்ற நினைப்பில் எழுதியது. கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் விண்டோஸுக்குக் கிடையாது. லினக்ஸுக்கு உண்டு. அதனால் இருக்கிற கோப்பையே இல்லை என்று அடம்பிடித்தது. சீட்டு அடிக்கும் சின்ன அச்சுப்பொறி அரபியைக் கண்டால் வெறும் கட்டங்களாகத் துப்பியது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். அந்தப் பையன்கள் ஒட்டுப் போட்டிருந்த இடங்களைப் பிரித்து எறிந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்று சொல்லலாம். அவனுக்காக இல்லை.

ஷகீப் கறாராகக் கேட்டது இரண்டுதான். முதலாவது, அந்தச் சின்ன ஜன்னலில் அவன் பெயர் பெரிதாக இருக்க வேண்டும். இந்தத் தடவை புகைப்படமும் வேண்டும். இரண்டாவது, பூட்டு.

"அதை மட்டும் விட்டுடாத" என்றான். "என் சோறே அதுலதான்."

ரமலானுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும். பெருநாள் முடிந்தபின் திரும்ப முன்னால் தள்ளும். எங்கள் திருட்டு விண்டோஸ்களுக்கு இதெல்லாம் தெரியாது. அதனால் தரீக்குக்குள்ளேயே ஒரு கடிகாரம் வைத்து, ரமலான் மணிக்குத் தனியாக ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அழுத்தினால் மாறும், அவ்வளவுதான். நான் போன பிறகு ஷகீப் தன் பையன்களை வைத்து அதன்மேல் ஒரு பூட்டுப் போட்டான். ஒவ்வொரு ரமலானுக்கும் ஒரு புதிய சாவி எண். அதை அவனிடம் காசு கொடுத்து வாங்கிப் போடாவிட்டால் ஞாயிறு காலை தரீக் சீட்டே அடிக்காது. நோன்பு திறக்க ஊருக்குப் போகிற கூட்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு எந்த முதலாளி பேரம் பேசுவான்?

பூட்டையும் பத்திரமாகக் கொண்டுபோனேன். பழைய நிரலில் அது பல இடத்தில் சிதறிக் கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்தேன். கோப்பின் தலையில், எழுதியவன் மிலூத் என்று போட்டு, கீழே அரபியில் தெளிவாக எழுதினேன்: 'இது ரமலான் பூட்டு. இந்தக் கோப்பை நீக்கினால் பூட்டு இல்லை.'

ஜன்னலில் அவன் புகைப்படத்தை வைத்தேன். நல்ல படம், கோட்டு போட்டது. படத்துக்குக் கீழே 'உரிமம்' என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால் நிபந்தனைகள் வரும், மூலநிரல் முழுவதும் இருக்கும் கோப்புறையும் திறக்கும். கேட்டால் கொடுக்கலாம் என்பதற்குப் பதில் கேட்காமலே கூடவே வைத்துவிட்டேன். தரீக் போகிற கணினிக்கெல்லாம் அதுவும் போகும்.

வேலை முடிந்த அன்று ஷகீப் தன் ஆப்பிள் கணினியில் அந்த ஜன்னலைத் திறந்தான். படத்தைப் பார்த்தான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மறுபடி பார்த்தான். "அழகா வந்திருக்குடா" என்றான். பொத்தானை அழுத்தவில்லை. அழுத்துவானா என்று நான் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூலியை வாங்கிக்கொண்டு மார்க்காகத் திரும்பிப் போனேன்.

பிறகு காத்திருந்தேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. ஆட்களைக் காத்திருக்க வைத்து இசை போடுவதுதான் என் பிழைப்பு.

ரமலானுக்கு முந்தைய வாரம் ஹஜீபா காபிக் கடைக்கே வந்துவிட்டாள். ஹாஜ் பூஅஸ்ஸாவின் கம்பெனிக்கு மெக்னேஸ் நிலையத்தில் எல்லாமே அவள்தான். 'ஃபெஸ், ஃபெஸ்' என்று கத்தி ஆள் பிடிக்கிறவர்களே அவள் குரலுக்கு அடங்குவார்கள்.

"உன் கூட்டாளி இந்த வருஷம் சாவிக்கு ரெண்டு மடங்கு கேக்கிறான்" என்றாள். "லினக்ஸ் சாவியாம். தனியாச் செய்யணுமாம். தங்கத்துல செய்யறானா?"

"அவன் என் கூட்டாளி இல்ல, லல்லா" என்றேன் மரியாதையாகவே.

"இருந்தவன்தானே. பொண்டாட்டியை விட்டவனும் மாப்பிள்ளைதான்."

"ஹாஜ் என்ன சொல்றார்?"

"கத்துறார். கத்தி முடிச்சதும் கொடுத்துடுவார். வருஷா வருஷம் இதான் கதை."

"அந்த ஜன்னல்ல அவன் படத்துக்குக் கீழ அழுத்திப் பாத்திருக்கீங்களா?"

"அவன் மூஞ்சிகிட்ட நான் எதுக்குக் கைய வைக்கிறேன்?"

"வாங்க" என்று எழுந்தேன்.

கவுண்டருக்குள் போய் அவளையே அழுத்தச் சொன்னேன். பிரெஞ்சில் இருந்த நிபந்தனைகளை வாய்விட்டு மெதுவாகப் படித்தாள். ஓர் இடத்தில் நின்று, திரும்ப முதலிலிருந்து படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"மாத்திக்கலாம்னு போட்டிருக்கு. அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம்னு போட்டிருக்கு."

"ஆமா."

"இது ஷகீபுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். சிரிச்சான். அவனேதான் அழுத்தினான்."

"அப்ப அந்தப் பூட்டு…"

"உறைக்குள்ள பாருங்க. பேர் போட்டுத்தான் வச்சிருக்கேன்."

கோப்பைக் கண்டுபிடித்தாள். தலையில் எழுதியிருந்ததைப் படித்ததும் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை. நீக்கும் விசையை அவள்தான் தட்டினாள். அதை நான் தொடவில்லை. நிரலைத் திரும்பக் கட்டுவதற்கு என்ன தட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு சீட்டு அடித்துப் பார்த்தாள். அச்சுப்பொறி முனகிவிட்டுக் கொடுத்தது. ரமலான் மணி, சரியாக இருந்தது.

"பொட்டலம் ஏத்தற எல்லா வண்டியிலயும் இது போகும்" என்று மேசையைத் திறந்து பென் டிரைவ்களைத் தேடினாள். "கெனிஃப்ரா, ஃபெஸ், எர்ரஷீதியா. மத்த கம்பெனிக்காரங்களுக்கும் கொடுத்துடறேன். ரமலான் வருது, நன்மை சேரட்டும்."

அவள் அதைச் சொன்னபோது முகத்தில் இருந்தது நன்மை இல்லை. எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை மதியம் ஷகீப் வந்தான். ஒவ்வொரு வருடமும் அன்றுதான் நிலையம் நிலையமாகச் சுற்றிச் சாவி போடுவான். இஸ்திரி போட்ட நீள ஜெல்லாபா அங்கி, கக்கத்தில் ஆப்பிள் கணினி. வெள்ளைக் காரை மேடை ஓரத்தில், வண்டிகள் நிற்கிற இடத்திலேயே நிறுத்தினான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்ற தைரியம். நிலையம் நிரம்பியிருந்தது. பெட்டி, மூட்டை, தேனில் ஊறிய பலகாரம் வைத்த தகர டப்பா, அழுகிற குழந்தைகள்.

ஹாஜ் பூஅஸ்ஸா கவுண்டருக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றேன்.

"ஹாஜ், நாளைக்கு மணி மாறுது" என்றான் ஷகீப். "சாவி கொண்டாந்திருக்கேன்."

"எந்தப் பூட்டுக்கு?" என்றார் ஹாஜ்.

ஷகீப் சிரித்தான். ஹஜீபா கண்ணாடித் துவாரத்தின் வழியாக ஒரு சீட்டை நீட்டினாள். நாளை தேதி போட்டது. வாங்கிப் பார்த்தான். சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. கைபேசியை எடுத்துக் கெனிஃப்ராவுக்குப் பேசினான். ஃபெஸுக்குப் பேசினான். இரண்டாவது ஆள் பேச்சை முடிக்கும் முன்பே வைத்துவிட்டான்.

"திருட்டு!" என்று கத்தினான். வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். சிலர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "என் மூலநிரலை உடைச்சிருக்காங்க! ஹாஜ், இது போலீஸ் கேசு. எல்லாரையும் உள்ள தள்ளுவேன்!"

ஹஜீபா திரையை அவன் பக்கம் திருப்பினாள். கோட்டு போட்ட ஷகீப் அதிலிருந்து எல்லோரையும் பார்த்துச் சிரித்தான்.

"இதோ, உன் மூஞ்சிக்குக் கீழயே இருக்கு தம்பி" என்று பொத்தானை அழுத்தி, நிபந்தனைகளைப் படிக்க ஆரம்பித்தாள். வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். மூட்டையோடு நின்ற ஓர் ஆள், "அப்ப நம்ம கொடுத்த காசெல்லாம் எதுக்கு?" என்றார். அவர் ஒரு கம்பெனி முதலாளி என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஷகீப் என் கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனான்.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"நீ சொன்னதைத்தான். மூணுலயும் ஓடுது. படம் இருக்கு. பூட்டும் வச்சேன், வேணாம்னவங்க எடுத்துட்டாங்க."

"காசு கட்டிடறேன். அந்த இன்னொரு வழி, அதுக்குக் காசு கட்டிடறேன்."

"கட்டு. இனிமே எழுதறதைப் பூட்டிக்கலாம். வெளிய போனது போனதுதான்."

உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். குரல் இறங்கியது.

"மிலூத். பாதிக் கம்பெனி உனக்கு. என் படத்தை எடுத்துடறேன். உன் பேரு மேல, முதல்ல. அந்த உரிமப் பொத்தானை நீ வைக்கல, யாரோ உடைச்சுட்டாங்கன்னு மட்டும் சொல்லு. இன்னிக்கே எழுதிக் கொடுக்கறேன்."

ஆறு வருடமாக நான் கேட்க நினைத்தது இதுதான். வேலைக்கு நடுவே, யாரோ ஒரு பிரெஞ்சுக்காரி திட்டிக்கொண்டிருக்கும்போது, அவன் இதைச் சொல்வதாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது சொல்கிறான். எடுத்துக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கொஞ்சம் வலித்தது. அது முகத்தில் தெரியாதபடி பார்த்துக்கொண்டேன்.

"அது வேற வண்டி ஏறிப் போயாச்சு ஷகீப்."

"நீ எழுதினதுடா அது! உனக்கும் இல்லாமப் போச்சேடா, பைத்தியக்காரா!"

"எனக்கு ஆறு வருஷமா இல்ல. பழகிடும். நீயும் பழகிக்கோ."

அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஹாஜ் முக்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"கெட்டிக்காரன்டா நீ" என்று குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வருஷத்துக்கு எனக்கு ஒரு பூட்டுப் போட்டுக் கொடு. மத்த கம்பெனிக்காரங்க இனிமே எங்கிட்ட வரட்டும். உன்னை நல்லாப் பாத்துக்கறேன்."

"முடியாது ஹாஜ். நீங்க பூட்டினாலும் அவங்க திறந்துக்கலாம். அந்த நிபந்தனை உங்களுக்கும்தான்."

"எனக்குமா?"

"எல்லாருக்கும்."

விதையைக் கடிக்காமல் கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். "அப்ப உனக்கு இதுல என்னடா கிடைச்சது?"

"அவன் மூஞ்சியைப் பாத்தீங்கல்ல?"

ஹாஜ் தோலைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "நீ நல்லவன் இல்லடா."

"இல்ல ஹாஜ்."

எதிரே போய் என் இடத்தில் உட்கார்ந்து காபி சொன்னேன். ஷகீப் காருக்குள் ஏறுவது அங்கிருந்து தெரிந்தது. பின்னால் எடுத்தான், நின்றான். எர்ரஷீதியா வண்டி அவன் வால் ஒட்டி நின்றுகொண்டிருந்தது. ஹாரன் அடித்தான். டிரைவர் கூரைமேல் ஏறி ஓர் ஆட்டைக் கட்டிக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷகீப் இறங்கினான். யாரிடமோ கேட்டான், அந்த ஆள் கவுண்டரைக் காட்டினார். கவுண்டர் பக்கம் போகாமல் சாலையைக் கடந்து என்னிடம் வந்தான்.

"அந்த வண்டியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லு மிலூத். உன் பேச்சைத்தானே இப்ப கேக்கறாங்க."

"அது மணி ஆனாத்தான் நகரும்."

"எப்ப?"

நிலையத்துப் பலகையைக் காட்டினேன். தரீக் சிவப்பு எழுத்தில் ஒவ்வொரு வண்டியின் நேரத்தையும் வரிசையாகக் காட்டிக்கொண்டிருந்தது. எர்ரஷீதியா ரொம்பக் கீழே இருந்தது.

அவன் திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி இருந்தான். நான் இன்னொரு காபி சொன்னேன்.